அழித்தாலும் திரும்பி வரும் செக் எஞ்சின் விளக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டறையில் அழித்துக் கொடுத்தும் நாலாம் நாள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும் விளக்குதான் ஆளை வதைக்கும். அந்த விளக்கோடு மல்லுக்கட்டுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். டீசலுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

வண்டி பட்டுப்போல ஓடுகிறது. பிறகு ஏன் விளக்கு எரிகிறது?

அந்த விளக்கு முதலில் பார்ப்பது புகையைத்தான். சைலன்சர் வழியாகப் போகும் நச்சு வாயுக்கள் வரம்பைத் தாண்டும் அளவுக்கு ஏதோ கெட்டிருக்கிறது, அல்லது அதைக் கண்காணிக்கும் சென்சார் ஒன்று சரியாகப் பேசவில்லை என்று ஈசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி, முடிவுக்கு வரும்போது விளக்கை ஏற்றுகிறது. ஓட்டுபவரின் காதுக்கும் காலுக்கும் எட்டாத கோளாறைக்கூட அது பிடித்துவிடும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லா கார்களிலும், ஐரோப்பாவில் 2001 முதல் புதிய பெட்ரோல் கார்களிலும் ஓபிடி என்ற இந்தக் கண்காணிப்பு கட்டாயமானது. மற்ற நாடுகளும் பின்னால் வந்து சேர்ந்தன.

அப்படியே ஓட்டலாமா?

நிலையாக எரிந்தால், வண்டியின் ஓட்டத்திலும் மாற்றம் இல்லாவிட்டால், சில நாள் ஓட்டலாம். ஆனால் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் பச்சையாக வெளியே போகிறது என்று அதற்கு அர்த்தம். அந்தப் பெட்ரோல், புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடும். மின்னும்போது ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், ஓரமாக நிறுத்துங்கள். ‘வீடு வரை போய்விடலாம்’ என்று மிதித்துக்கொண்டு போனவர்கள் ஒரு ஸ்பார்க் பிளக் வேலையைக் கன்வர்ட்டர் வேலையாக்கியிருக்கிறார்கள்.

ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ சிவப்பில் எரிந்தால் அது வேறு விவகாரம். உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

பெட்ரோல் மூடி லூசாக இருந்தால்கூட எரியுமாமே?

ஆமாம், டேங்க் ஆவி வெளியே கசிகிறதா என்று சோதிக்கும் வண்டிகளில் எரியும். பி0455 அல்லது பி0457 என்ற கோளாறுக் கோடு (code, அதாவது ஈசியு பதிந்து வைக்கும் எண்) வந்தால் முதலில் மூடியைப் பாருங்கள். அதன் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, ‘டிக்’ சத்தம் வரும்வரை திருகினீர்களா? ஆனால் மூடியை இறுக்கிய உடனே விளக்கு அணையாது. வண்டி தன் சோதனையை மறுபடி நடத்தித் திருப்திப்பட வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். பொறுமை இல்லாமல் மறுநாளே பட்டறைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

கோளாறுக் கோடை நானே படிக்க முடியுமா?

முடியும். ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கம் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சின்ன புளூடூத் கருவி ஒன்றும், போனில் ஒரு செயலியும் போதும். இக்னிஷனைப் போட்டு இணைத்தால் ‘பி’யில் தொடங்கும் நான்கு இலக்கக் கோடு கிடைக்கும்.

கோடை மட்டும் எழுதிக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள். கூடவே ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கோளாறு பதிவான அந்த நொடியில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன, ஆர்பிஎம் என்ன, எவ்வளவு லோடு என்று எல்லாம் அதில் இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது) வந்த கோளாறுக்கும், நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கோளாறுக்கும் தேட வேண்டிய இடமே வேறு. அழிக்கும் பொத்தானை அழுத்தினால் இந்தப் பக்கமும் சேர்ந்து போய்விடும். அதனால் முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.

கோடில் ஆக்ஸிஜன் சென்சார் என்று வருகிறது. மாற்றிவிட வேண்டியதுதானே?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இந்த விளக்கு விஷயத்தில் அம்பு பெரும்பாலும் ஆக்ஸிஜன் சென்சார்தான். புகையில் ஆக்ஸிஜன் அதிகமாக இருக்கிறது என்று அது உள்ளதைச் சொல்லும். சொன்ன குற்றத்துக்காக அதைக் கழற்றிப் போட்டுவிடுவோம்.

சென்சாரே கெட்டதைச் சொல்லும் கோடுகளும் உண்டு. பி0135 என்றால் முன் சென்சாரின் உள்ளே இருக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் பிரச்சினை. அப்போதும் ஃபியூஸையும் ஒயரையும் பார்த்துவிட்டு மாற்றலாம். ஆனால் பி0171 வேறு ரகம். ‘பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம்’ என்பதுதான் அதன் பொருள். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, அல்லது பெட்ரோல் ஏன் குறைகிறது என்பதைக் கோடு சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே.

என் பழைய காரிலும் இதேதான் நடந்தது. பி0171. பட்டறையில் முன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி, கோடை அழித்துக் கொடுத்தார்கள். பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் காலை ஸ்டார்ட் செய்து தெருமுனை தாண்டுவதற்குள் விளக்கு வந்துவிட்டது. காற்று அளவு சென்சாரையும் மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். அதற்குமுன் நானே ஒருமுறை பார்க்கிறேன் என்று கருவியை வாங்கிச் செருகினேன். ஐடிலிங்கில் நீண்டகால ஃபியூயல் டிரிம், அதாவது ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் அளவு, கூட்டல் 19 சதவீதம். ஆர்பிஎம்மை 2,500க்கு ஏற்றிப் பிடித்தால் 5க்கு இறங்கியது. அதிலேயே பாதி விடை இருந்தது. பானட்டைத் திறந்து ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துக்கொண்டே வந்தேன். எஞ்சின் தலைமூடியிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் சுண்டுவிரல் பருமன் ஹோஸ் ஒன்று மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரிதான் இருந்தது. வளைத்தபோது அடிப்பக்கம் வாயைத் திறந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, விரிசலுக்கு மேல் கிள்ளிப் பிடித்தேன். ஐடிலிங் சத்தமே மாறியது. ஒரு சாண் நீள ஹோஸ். அதை மாற்றியபின் அந்தக் கோடு வரவேயில்லை.

அந்தப் பத்து நாள் நிம்மதிக்குப் புதிய சென்சார் காரணமில்லை. கோடை அழித்தபோது டிரிம் பூஜ்யத்துக்குப் போயிருந்தது. அது மறுபடி ஏறி வரம்பைத் தொட அத்தனை நாள் பிடித்தது.

ஃபியூயல் டிரிம் என்கிறீர்களே, அதை எப்படிப் படிப்பது?

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து இந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிறது. அப்படி எத்தனை சதவீதம் கூட்டியது, குறைத்தது என்பதுதான் டிரிம். குறுகியகால டிரிம் நொடிக்கு நொடி ஆடும். நீண்டகால டிரிம் அதன் சராசரிப் பழக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூட்டலிலோ கழித்தலிலோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10ஐத் தாண்டினால் தேடத் தொடங்கலாம்.

நன்றாகச் சூடான எஞ்சினில் மூன்று நிலைகளில் பாருங்கள்: ஐடிலிங், 2,500 ஆர்பிஎம், லோடோடு ஓடும்போது. ஐடிலிங்கில் அதிகமாக இருந்து ஆர்பிஎம் ஏற ஏறக் குறைந்தால் எங்கோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் விரிசல் வழி வருவது பெரிய பங்கு. வேகம் ஏறினால் அதே விரிசல் பொருட்டே இல்லை. நேர்மாறாக, மேடு ஏறும்போதோ வேகமெடுக்கும்போதோ டிரிம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஃபில்டர், பம்ப், அல்லது உள்ளே வரும் காற்றைக் குறைத்துக் காட்டும் அழுக்கடைந்த காற்று அளவு சென்சார் என்று தேடலாம். அந்தச் சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் விரலோ துணியோ பட்டால் போச்சு.

ஒரு எச்சரிக்கை. காற்று அளவு சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்த சென்சாரை மட்டும் நம்பும் வண்டிகளில் திருட்டுக் காற்று டிரிமில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஐடிலிங் ஏறிப்போயிருப்பதுதான் அங்கே அடையாளம்.

கசிவைக் கண்டுபிடிக்கக் கிளீனர் ஸ்பிரேயை அங்கங்கே அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் தீப்பற்றும் திரவத்தை அடிப்பது எனக்குச் சம்மதமில்லை. இன்டேக்குக்குள் புகையைச் செலுத்தி எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கும் கருவி பல பட்டறைகளில் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

பி0420 வந்திருக்கிறது. கன்வர்ட்டர் போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?

இருக்கலாம். ஆனால் அது மிக விலையுயர்ந்த பாகங்களில் ஒன்று. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்டிருக்கிறது. அதனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். பழைய வகை முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வர்ட்டர் ஆக்ஸிஜனைத் தன்னுள் பிடித்துவைத்து விடுவதால் பின் சென்சார் 0.6, 0.7 என்று ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பின் சென்சாரும் முன்னதைப்போலவே குதித்தால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று ஈசியு முடிவு செய்கிறது. புதிய வண்டிகளில் முன்னால் இருப்பது வேறு வகைச் சென்சார். அங்கே திரையில் பின் சென்சாரின் வரைபடம் மட்டும் போதும்: சூடான எஞ்சினில், சீரான வேகத்தில், அது நிதானமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

குதிக்கிறது என்றாலும் அவசரப்பட வேண்டாம். எக்ஸாஸ்ட் குழாயில் எங்காவது கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுச் சென்சாரை ஏமாற்றும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, சூடானதும் அது மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். இணைப்புகளில் கரி படிந்த தடம் இருந்தால் அதுவே சாட்சி. பின் சென்சாரை மட்டும் மாற்றி இந்தக் கோடு போனதாகச் சொல்பவர்களும் உண்டு. நான் பார்த்தவரை அது அபூர்வம்.

எல்லாம் பார்த்தும் கன்வர்ட்டர்தான் என்றால் அடுத்த கேள்வி முக்கியம்: அது ஏன் செத்தது? கன்வர்ட்டர் தானாகச் சாவது குறைவு. எரியாத பெட்ரோலோ, எஞ்சின் குடிக்கும் ஆயிலோ, ஹெட் கேஸ்கெட் வழியாக வரும் கூலண்ட்டோ அதைக் கொன்றிருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும்.

பின் சென்சாரை ஏமாற்ற நடுவே ஒரு முட்டுக்கொடுத்து மாட்டும் சின்ன உலோகத் துண்டு கிடைக்கிறது. விளக்கு அணையும், புகை அப்படியே இருக்கும். பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

மிஸ்ஸிங் அடிக்கிறது, கோடு பி0302. எங்கே தொடங்குவது?

கடைசி இலக்கம் சிலிண்டர் எண். அதாவது இரண்டாம் சிலிண்டர். செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். அடுத்து பி0303 வந்தால் குற்றவாளி காயில். அது போன இடத்துக்குக் கோடும் கூடவே போய்விட்டது. பி0302வே திரும்ப வந்தால் ஸ்பார்க் பிளக்கை இதேபோல் இடம் மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் இன்ஜெக்டர், அதற்கப்புறம் கம்ப்ரெஷன் சோதனை.

பிளக்கைக் கழற்றும்போது அது உட்காரும் குழியையும் எட்டிப் பாருங்கள். அடியில் ஆயில் தேங்கியிருந்தால் மேலே இருக்கும் கேஸ்கெட் கசிகிறது. காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் அந்த ஆயிலில் ஊறிக் கெடும்.

பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை, மாறி மாறி வருகிறது என்று பொருள். அங்கே தனித்தனிக் காயிலைவிட எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: பெட்ரோல் அழுத்தம், திருட்டுக் காற்று, மோசமான பெட்ரோல்.

பி0442, பி0456 போன்ற ‘சிறிய கசிவு’ கோடுகள் எவ்வளவு சிறியவை?

பி0442 ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஓட்டைக்கு. பி0456 அரை மில்லிமீட்டருக்கு. கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பேன் என்று கிளம்ப வேண்டாம். மூடியை மாற்றியும் வந்தால் புகையைச் செலுத்திக் கசிவைப் பார்க்கும் சோதனைதான் வழி. டேங்க் நிரம்பிப் பங்கின் பெட்ரோல் துப்பாக்கி தானாக நின்றபின்னும் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வழியும் பெட்ரோல், டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் இறங்கி அதைக் கெடுத்துவிடும்.

பி0128?

எஞ்சின் எதிர்பார்த்த நேரத்தில் சூடாகவில்லை. கூலண்ட் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கும். சுலபமான வேலை.

டீசல் வண்டியில் என்ன வித்தியாசம்?

இங்கே பகை கரி. புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி படிந்தால் பி0401 வரும். கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் நிரம்பினால் பி2463 போன்றவை வரும். நிரம்பிய கரியை வண்டியே ஏறக்குறைய 600 டிகிரி வெப்பத்தில் எரித்துச் சாம்பலாக்க முயலும். அதற்கு விடாமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் பத்து நிமிடம் மட்டும் ஓடும் டீசல் வண்டியில் இது பாதியிலேயே அறுந்துபோகும், விளக்கு வரும். அப்படிப் பலமுறை அறுந்தால் எரிக்க ஊற்றிய டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். டிப் ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஆயிலை மாற்றுங்கள்.

டிபிஎஃப் அடைத்துவிட்டது என்று சொல்லப்பட்டால் அழுத்த வேறுபாட்டைப் பார்க்கும் சென்சாரையும் அதற்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸில் விரிசல் விட்டாலும் அடைத்தாலும் அளவு பொய்யாகும்.

கோடை அழித்தபின் ஏன் உடனே வராமல் சில நாள் கழித்து வருகிறது?

பெரும்பாலான கோளாறுகளை ஈசியு ஒருமுறை பார்த்ததும் நம்பாது. முதல்முறை ‘நிலுவைக் கோடு’ என்று எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதையே பார்த்தால்தான் விளக்கை ஏற்றும். அதோடு ஒவ்வொரு சோதனைக்கும் அதற்கேற்ற சூழல் வேண்டும். ஆவிக் கசிவுச் சோதனைக்கு இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினும், முழுதும் நிரம்பாத, வற்றியும் போகாத டேங்க்கும் வேண்டும். கன்வர்ட்டர் சோதனைக்குச் சூடான எஞ்சினும் சீரான வேகமும் வேண்டும். அந்தச் சூழல் அமையும்வரை விளக்கு வராது. பழுது சரியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

வண்டியின் மாசுச் சோதனைக்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் போதுமா?

விளக்கு அணையலாம். ஆனால் சோதனைகள் முடிந்தனவா என்ற பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். ஸ்கேனரைச் செருகிப் பார்க்கும் மையங்களில் ‘சோதனைகள் முடியவில்லை’ என்று வரும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2010க்குப் பிந்தைய பல வண்டிகளில் நிரந்தரக் கோடு என்று ஒன்றும் உண்டு. ஸ்கேனருக்கும் பேட்டரி ஒயருக்கும் அது அசையாது. வண்டியே சோதித்துச் சரி என்று சொன்னால்தான் போகும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டால் இந்த விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ அதைக் கழற்றியிருக்கலாம்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

‘விளக்கை அணைத்துக் கொடுங்கள்’ என்று கேட்டால் அணைத்துத்தான் கொடுப்பார்கள். கோடு எண், ஃப்ரீஸ் ஃபிரேம் போட்டோ, எப்போது வருகிறது என்ற விவரம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, ‘இந்தப் பாகம்தான் கெட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், அளந்ததைக் காட்டுவார். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விளக்கு தானாகவே அணைந்துவிட்டது. சரியாகிவிட்டதா?

அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் ஈசியு விளக்கை அணைத்துவிடும். கோடு மட்டும் ஏறக்குறைய 40 முறை எஞ்சின் குளிர்ந்து சூடாகும்வரை நினைவில் இருக்கும். அதற்குள் படித்து வைத்துக்கொள்ளுங்கள். மழைநாளில் மட்டும் வந்து வெயிலில் மறையும் காயில் கோளாறுகள் இப்படித்தான் கண்ணாமூச்சி ஆடும். வாரம் ஒருமுறை நிலுவைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்தபின் கருவியைக் கழற்றி வையுங்கள். சாக்கெட்டிலேயே விட்டால் அது பேட்டரியைக் குடித்துவிடும்.